வேஷம் மாறிய பாட்டுகள்

ரயில் கூவும், ஊதும், மேட்டில் ஏறும்போது பெருமூச்சும் விடும். ஆனால் ரயில் புறப்படுவதற்கு முன்னால் ஸ்டேஷன் பாட்டுப் பாடும் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? என் பேரன் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒன்பது வயதுப் பையன், தாத்தாவை ஏமாற்றிப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

டோக்கியோவின் கிழக்கே எதோகவா வட்டாரத்தில் நிஷி-கசாய் என்று ஒரு பேட்டை இருக்கிறது. இந்தியர்கள் நிறையக் குடியிருக்கும் இடம். துவரம் பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் அங்கே கிடைக்கும். என் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கேதான் ஜாகை. பேரனுடைய கோடை விடுமுறையில் அவனோடு இருந்துவிட்டு வரலாம் என்று ஆகஸ்டு மாதம் போயிருந்தேன். ஜப்பான் என்றால் குளிரும் என்று எண்ணி இரண்டு கம்பளிச் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை விட்டு அவை வெளியே வரவே இல்லை. நம் சென்னையின் அதே புழுக்கம், அதே வியர்வை.

போன மூன்றாம் நாளே பேரனோடு சண்டை வந்துவிட்டது. பாட்டினால் வந்த சண்டை.

தாலாட்டும் இடி முழக்கமும்

சண்டையைச் சொல்வதற்கு முன்னால் சிறிது பீடிகை வேண்டியிருக்கிறது.

'அனிமேஷன்' என்ற நீளமான ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் பாதியில் வெட்டி 'அனிமே' என்று ஆக்கிக்கொண்டார்கள். சித்திரங்கள் நடமாடும் கதைகள். டெலிவிஷனில் ஒவ்வொரு கதையும் ஒரு முகப்புப் பாட்டோடு தொடங்கும். சுமார் 90 விநாடிப் பாட்டு. வாராவாரம் அதே நேரத்தில் அதே பாட்டு. 'சசாயே-சான்' என்ற குடும்பக் கதை 1969 அக்டோபரில் ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அது வரும். அது முடிந்தால் விடுமுறை முடிந்தது, நாளைக்கு ஆபீஸ் என்று மனம் சோர்ந்துபோவதற்கு 'சசாயே-சான் நோய்' என்றே அங்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்படித் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒன்றாகத் தெரிந்த பாட்டுகள் ஒரு நாட்டில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? வேடிக்கை மனிதர்கள் அவற்றைச் சும்மா விடுவார்களா? மெட்டையும் வார்த்தைகளையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு வேஷத்தை மட்டும் மாற்றி விடுவார்கள். வீர நடை போடும் பாட்டைத் தாலாட்டு ஆக்குவது. குழந்தைப் பாட்டை இடி முழக்கத்தோடு பாடுவது. சங்கராபரணம் போல் களிப்பாக ஒலிக்கும் பாட்டை நடபைரவியின் பக்கம் தள்ளி அழ வைப்பது. கேட்பவர்கள் முதலில் திகைக்கிறார்கள். 'அட, நம்ம பாட்டு!' என்று கண்டுகொண்டதும் சிரிக்கிறார்கள்.

இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்தவர்கள் 'அனிமெட்டல்' என்ற கோஷ்டியார். 1996-ல் வந்தார்கள். 'ஹெவி மெட்டல்' என்று ஒரு சங்கீதம் உண்டு. மின்சாரக் கிதார்கள் அலறும், முரசுகள் அதிரும், பாடகர் தொண்டையைப் பணயம் வைத்துப் பாடுவார். 'ஆந்தெம்' என்ற மெட்டல் கோஷ்டியில் பாடிக்கொண்டிருந்த எய்சோ சகமோட்டோ இந்தக் கோஷ்டியிலும் பாடினார். மறுவருஷம் 'மாரத்தான்' என்று பெயர் வைத்து, குழந்தைகளின் கார்ட்டூன் பாட்டுகளை மூச்சு விட நேரமில்லாமல் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து வெளியிட்டார்கள். மேல்நாட்டு மெட்டல் கோஷ்டிகளின் பிரபலமான கிதார் பிடிகளையும் நடுநடுவே செருகியிருந்தார்கள். 2011-ல் அமெரிக்க வித்வான்களே 'அனிமெட்டல் யு.எஸ்.ஏ.' என்று ஒரு கோஷ்டி கட்டிக்கொண்டு ஜப்பானியக் குழந்தைப் பாட்டுகளை முழங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மாப்பிள்ளையிடம் இந்த இசைத்தட்டுகள் இருந்தன. பேரனுக்கு அவை மனப்பாடம். சண்டைக்கு வித்து அதுதான்.

என் மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பேரன் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து, கும்பகோணத்தில் இருந்துகொண்டே டெலிபோனில் அவனுக்குத் தாலாட்டுப் பாடுவாள். அங்கே ராத்திரி எட்டரை மணி என்றால் இங்கே சாயங்காலம் ஐந்து. அடுப்பில் இருக்கிற காப்பிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பாடுவாள். அவள் தாயாரிடம் கற்ற தாலாட்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

அன்றைக்குப் பேரன் துடைப்பத்தைக் கிதாராகப் பிடித்துக்கொண்டு கட்டிலின் மேல் ஏறி நின்றான். தலையை முன்னும் பின்னும் ஆட்டினான். அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு ஒரு பாட்டை ஆரம்பித்தான். முதல் வரி எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது வரியில் விளங்கிவிட்டது. பாட்டியின் தாலாட்டு!

"நிறுத்துடா!" என்று கத்தினேன். "பாட்டி பாட்டைக் கேலியா பண்றே?"

பையன் கீழே இறங்கினான். துடைப்பத்தைச் சத்தமில்லாமல் மூலையில் சாத்தி வைத்தான். அப்புறம் அவன் பாடவே இல்லை. அந்தப் பாட்டை மட்டும் அல்ல. எந்தப் பாட்டையும் பாடவில்லை. குளியலறையில்கூட நிசப்தம்!

"அவன் கேலி பண்ணலே, அப்பா" என்றாள் என் பெண். நான் பதில் சொல்லவில்லை. கோபம் தணிந்துவிட்டது, ஆனால் பெரியவர்களுக்குக் கோபத்திலிருந்து கீழே இறங்க ஏணி வேண்டுமே! 'பாடும் ஸ்டேஷன்' நினைவுக்கு வந்தது. "எங்கேடா அது? எனக்குக் காட்டேன்" என்றேன்.

பாடும் ஸ்டேஷன்

நிஷி-கசாயில் தோஸாய் மார்க்க ரயிலில் ஏறினால் நேரே தகதனோபாபாவில் கொண்டு விட்டுவிடும். அங்கேதான் யமனோதே ரயிலுக்கு மாற வேண்டும். டோக்கியோவைச் சுற்றி வளையமாக ஓடும் ரயில் அது, 30 ஸ்டேஷன்கள்.

மேடையில் போய் நின்றோம். ரயில் வந்தது, ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். திடீரென்று தலைக்கு மேலே கிண்கிணி என்று ஒரு மெட்டு, கோயில் மணிகளைச் சின்னதாகச் செய்து கோத்துக் குலுக்கியதுபோல. ஐந்தாறு விநாடி இருக்கும். சட்டென்று பாதியில் நின்றது. கதவுகள் மூடின, ரயில் போய்விட்டது.

"இதுதான் 'ஆட்டம்' பாட்டு" என்றான் பேரன்.

ஒசாமு தெசுகா என்ற சித்திரக்காரர் படைத்த இயந்திரச் சிறுவன்தான் ஆட்டம். 1963 ஜனவரி 1-ந் தேதி டெலிவிஷனில் பறக்க ஆரம்பித்தவன். அவனுடைய பாட்டுக்கு மெட்டமைத்தவர் தத்சுவோ தகாய். வார்த்தைகளை எழுதியவர், 2024-ல் மறைந்த மகாகவி ஷுன்தாரோ தனிகவா. மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கச் செய்யும் பாட்டு. கதைப்படி ஆட்டம் பிறந்தது 2003 ஏப்ரல் 7-ந் தேதி, இதே தகதனோபாபாவில். தெசுகாவின் நிறுவனமும் இதே பேட்டையில்தான். எனவே 2003 வந்ததும் கதாநாயகன் பிறந்த ஊரில் ஸ்டேஷனையே அவன் பாட்டைப் பாட வைத்துவிட்டார்கள். முன்னெல்லாம் இந்த ஸ்டேஷன்களில் காதைத் துளைக்கும் மணிதான் அடிக்குமாம். 1989-லிருந்து அதற்குப் பதிலாக இனிய மெட்டுகளை வைக்கத் தொடங்கினார்கள். மேடையில் ஒரு பொத்தான் இருக்கிறது. சிப்பந்தி அழுத்தினால் பாட்டு ஆரம்பிக்கும். நிறுத்துவதும் அவர்தான்.

அடுத்த ரயில் வந்தது. அதே பாட்டு, அதே இடத்தில் வெட்டு. எனக்குத் தும்மல் வந்து நின்றுபோனதுபோல் இருந்தது.

"முழுசாப் பாடவே பாடாதா?"

"எப்பவும் பாதியிலேதான் நிக்கும், தாத்தா. மீதியை நாமதான் மனசுக்குள்ளே பாடிக்கணும்."

எதிரே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, முகத்தில் அசைவில்லை. பாட்டு நின்ற பிறகும் அவருடைய விரல் பையின் கைப்பிடியில் தாளம் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. வீர முழக்கத்தை மணியோசையாகச் சுருக்கினாலும், அதையும் பாதியில் வெட்டினாலும், பாட்டு எங்கேயோ முழுசாக இருக்கத்தான் செய்கிறது.

அங்கிருந்து இகெபுகுரோவுக்குப் போய், சேய்பு ரயிலில் ஏறி ஓய்சுமி-ககுவென் போனோம். லெய்ஜி மத்சுமோட்டோ என்ற சித்திரக்காரர் வசித்த பேட்டை. நட்சத்திரங்களுக்கு இடையே ஓடும் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' என்ற ரயில் அவருடைய கற்பனை. 1979-ல் அது சினிமாவாக வந்தபோது 'கோடைகோ' என்ற ராக் கோஷ்டியார் பாடிய பாட்டு ஜப்பானை ஆட்டி வைத்தது. அந்தப் பாட்டும் அந்த ஸ்டேஷனில் மணியோசையாக வேஷம் போட்டுக்கொண்டு ஒலித்தது. அண்ட வெளிக்குப் பறக்கும் ரயிலின் பாட்டு. புறப்பட்டது, காய்கறிப் பையோடு அம்மாமார்கள் ஏறிய பாஸஞ்சர் வண்டி! நான் சிரித்துவிட்டேன். பேரனும் சிரித்தான்.

"நீ ஒரு தரம் பாடிக் காட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "வேண்டாம், தாத்தா" என்றான்.

ஏணி இன்னும் சில படிகள் நீளமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

தோற்கிறவர்களின் கச்சேரி

அடுத்த வாரம் மாப்பிள்ளைக்கு லீவு. "கோஷியென் பார்த்துவிட்டு வரலாம், மாமா" என்றார். ஒஸாகாவுக்கு ஷின்கான்சென் ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஹன்ஷின் ரயிலில் கால் மணிப் பிரயாணம்.

கோஷியென் 1924-ல் கட்டிய பேஸ்பால் மைதானம். 47,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் நாடெங்கும் இருந்து ஜெயித்து வந்த உயர்நிலைப் பள்ளிகளின் பந்தயம் இங்கே நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் பகுதிக்கு 'ஆல்ப்ஸ்' என்று பெயர். வெள்ளைச் சட்டைக் கூட்டம் பனிமலை போலத் தெரிந்ததால் 1929-ல் வந்த பெயராம். பெயரில்தான் பனி, உட்கார்ந்தால் தோசைக் கல்!

அந்த வெயிலில் ஒரு பள்ளிக்கூட வாத்திய கோஷ்டி உட்கார்ந்திருந்தது. டிரம்பெட், டிராம்போன், மலைப்பாம்பைப் போல் உடம்பைச் சுற்றிய சூஸபோன். பித்தளை காய்ந்துவிடாமல் இருக்கத் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்கள். தங்கள் பள்ளி மட்டையைப் பிடிக்கும்போதுதான் வாசிக்க வேண்டும். எதிராளியின் முறை வந்தால் மௌனம். அது அங்கே சம்பிரதாயம்.

அவர்கள் வாசித்தவற்றில் பாதி அனிமேப் பாட்டுகள். 'டச்' என்ற கதையின் பாட்டு வந்ததும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். மித்சுரு அதாச்சியின் கதை. 1985-ல் டெலிவிஷனுக்கு வந்தது. இரட்டைப் பிள்ளைகள். தம்பி பேஸ்பாலில் கெட்டிக்காரன், அண்ணன் சோம்பேறி. அடுத்த வீட்டுப் பெண்ணைக் கோஷியெனுக்கு அழைத்துப் போவதாகச் சொன்ன தம்பி, ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் விபத்தில் இறந்துவிடுகிறான். அவன் விட்ட பந்தை அண்ணன் எடுக்கிறான். பாட்டை யோஷிமி இவசாகி என்ற பெண்மணி ஏக்கத்தோடு பாடியிருப்பார். அதை இங்கே முப்பது பித்தளைக் குழாய்கள் சேர்ந்து யானை பிளிறுவதுபோல் வாசித்தன! கோஷியெனுக்குப் போக ஏங்கும் கதையின் பாட்டு கோஷியெனிலேயே முழங்கியது. ஏக்கத்துக்குப் போர் வேஷம் போட்டால் எப்படி இருக்கும்? வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒன்பதாவது இன்னிங்ஸ் வருகிற வரையில்.

நாங்கள் உட்கார்ந்த பக்கத்துப் பள்ளி ஐந்து ஓட்டம் பின்தங்கி இருந்தது. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் பந்தயம் முடிந்தது. நம் கண்ணுக்குத் தெரிந்தது அவர்கள் கண்ணுக்குத் தெரியாதா? ஆனால் வாத்தியார் கையை உயர்த்தினார், மறுபடியும் 'டச்'. முன்னைவிட உரக்க. டிராம்போன் வாசித்த ஒரு பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கை ஏது? வாத்தியத்தைப் பிடித்திருந்தாளே! ஒரு ஸ்வரம்கூட விடவில்லை.

பந்து உயரே போயிற்று, ஒருவன் பிடித்தான். சங்கு ஊதியது. ஜெயித்தவர்களின் பள்ளிக்கீதம் பாடினார்கள். தோற்ற பிள்ளைகள் மண்டியிட்டு மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டார்கள். ஞாபகத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்வார்களாம்.

அந்தப் பாட்டு எனக்குப் புதிது, பாஷை தெரியாது. ஆனாலும் ஒன்று மட்டும் பட்டது. அந்தப் பெண் வாசித்தது கேலி அல்ல. தன் கையில் கிடைத்த வாத்தியம் டிராம்போன், அதில் வாசித்தாள். என் பேரன் கையில் கிடைத்த வாத்தியம் துடைப்பம்.

கோபேயில் ஒரு கச்சேரி

அன்று மாலை கோபே நகரத்துக்குப் போனோம். மாப்பிள்ளையின் பழைய மேலதிகாரி அங்கே இருக்கிறார், ஓய்வு பெற்றவர், எங்களுக்கு விருந்து வைத்தார். விருந்து முடிந்ததும் கரோகே. 'கரோகே' என்றால் 'காலியான வாத்திய கோஷ்டி' என்று அர்த்தமாம். வாத்தியம் இருக்கும், பாட்டுக்காரர் இருக்கமாட்டார், அந்த இடத்தில் நாம் நின்றுகொள்ள வேண்டும். கோபேயில் 1971-ல் டெய்சுகே இனோவே என்பவர் முதல் கரோகே இயந்திரங்களில் ஒன்றைச் செய்தார். உரிமை பதிவு செய்து பணம் பண்ணத் தோன்றவில்லை அவருக்கு.

சின்ன அறை, மெத்தை இருக்கைகள், ஒரு திரை. மேலதிகாரி எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாடினார். 1995-ல் வந்த 'எவாஞ்செலியன்' என்ற அனிமேயின் பாட்டு. யோகோ தகஹாஷி துள்ளலாகப் பாடிய அதை, இவர் 'எங்கா' பாணியில் பாடினார். எங்கா என்றால் ஊரைப் பிரிந்த துக்கம், மதுக்கடைக் கண்ணீர், மழையில் நிற்கும் துறைமுகம் இவற்றைப் பாடும் பழைய பாணி. அதில் 'கோபுஷி' என்று ஓர் அசைவு உண்டு. நம் கமகத்துக்குத் தூரத்து உறவு. நவீனப் பாட்டு ஒவ்வொரு வரியிலும் தள்ளாடித் தள்ளாடி அழுதது. பேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னார்: "இது என் பெண்ணின் பாட்டு. பள்ளிக்கூடம் படித்தபோது ஓயாமல் பாடுவாள். இப்போது வெகு தூரத்தில் இருக்கிறாள். எனக்குத் தெரிந்தது எங்கா ஒன்றுதான். ஆகையால் எங்காவில் பாடுகிறேன்."

அடுத்தது என் முறை. திரையில் எத்தனையோ ஆயிரம் பாட்டுகள். எனக்கு வேண்டியது அதில் இல்லை. "மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள், மாப்பிள்ளை" என்றேன். கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, டிராம்போனைப் பிடிப்பதுபோல் கையை நீட்டி, "பம் பபம் பம்" என்று கோஷியென் பாணியில் என் மனைவியின் தாலாட்டை ஆரம்பித்தேன். பேரனின் கண்கள் விரிந்தன. இரண்டு வரி நன்றாகப் போயிற்று. மூன்றாவது வரி... மறந்துபோயிற்று! நாற்பது வருஷம் பக்கத்து அறையிலிருந்து கேட்ட பாட்டு! ஏதோ உளறினேன்.

"தப்பு, தாத்தா" என்றான் பேரன். "பாட்டி அப்படிப் பாட மாட்டா."

பாடினான். உறுமவில்லை, கிண்கிணி மணியும் இல்லை. அவள் பாடிய நிதானத்தில், அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து, மூன்றாவது வரியைப் பாடினான். நான்காவது வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "தூங்கிட்டானா?" என்றான். பிறகு நான்காவது வரி.

என் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டெலிபோனில் அந்த இடம் வந்ததும் அவள் அம்மா தினமும் கேட்கிற கேள்வி அது. அதுவும் பாட்டிலே ஒரு வரி என்றே பையன் இத்தனை நாளும் எண்ணியிருக்கிறான்!

மறந்தவன் நான். வேடிக்கை பண்ணியவன் ஒன்றையும் மறக்கவில்லை. அரைகுறையாகத் தெரிந்த பாட்டுக்கு வேஷம் போட முடியாது என்பதைக் கோபே நகரத்து அறையில் ஒன்பது வயதுப் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

"இப்போ அன்னிக்கு மாதிரி பாடு" என்றேன். துடைப்பத்துக்குப் பதில் மைக். இடி இடித்தது. "தூங்கிட்டானா?" என்ற இடத்தில் அவன் போட்ட கர்ஜனையில் மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார்.

இரவு டோக்கியோ திரும்பும் ரயிலில் பேரன் என் தோளில் சாய்ந்துவிட்டான். யாருக்கும் கேட்காமல், எந்த வேஷமும் இல்லாமல், தாலாட்டை முழுசாகப் பாடினேன். மூன்றாவது வரி முடிந்ததும் பக்கத்து இருக்கையிலிருந்து என் பெண் மெதுவாகக் கேட்டாள்: "தூங்கிட்டானா?"

பையன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"எப்படித் தூங்கறது? தாத்தாவுக்குச் சுருதியே சேரலை!"